திறக்காத கணினியும் திரை கேட்கும் 48 இலக்கச் சாவியும்

சிங்கப்பூரின் அங் மோ கியோவில் வசிக்கும் வாசகர் ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வயது 63. தொடக்கநிலை 5, 6 வகுப்புகளில் படிக்கும் பதினொரு பிள்ளைகளுக்கு வீட்டிலேயே துணைப்பாடம் நடத்துகிறார். ஒன்பது மாதங்களுக்கு முன், பெர்த்தில் வேலை செய்யும் மகன் விடுமுறையில் வந்திருந்தபோது 1,450 வெள்ளிக்கு ஒரு மேசைக் கணினியை வாங்கி, அதில் விண்டோஸ் 11-ஐ அமைத்துக் கொடுத்துவிட்டுச் சென்றார். பயிற்சித்தாள்கள், பிள்ளைகளின் மதிப்பெண் பதிவுகள், பெற்றோரின் தொலைபேசி எண்கள், எல்லாவற்றுக்கும் மேலாக மறைந்த கணவர் தேவாரம் பாடிய ஒலிப்பதிவுகள் ஆகியவை அந்த ஒரு கணினியில் மட்டுமே இருக்கின்றன.

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை காலை கணினி தானாகப் புதுப்பிப்பை நிறுவத் தொடங்கியது. திரையில் 35 விழுக்காடு என்ற எண் நாற்பது நிமிடங்கள் அசையாமல் நின்றது. பத்து மணிக்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள் என்ற பதற்றத்தில் அவர் சுவரிலிருந்த மின்விசையை அணைத்துவிட்டார். மீண்டும் போட்டபோது கணினி பழுதுபார்ப்பதாகச் சொல்லிச் சொல்லித் திரும்பத் திரும்ப அணைந்து எரிந்தது. அன்று மாலை அவருடைய அண்ணன் மகன் ஒரு காணொளியைப் பார்த்து, பயாஸ் என்னும், விண்டோஸ் எழுவதற்கு முன்பே இயங்கும் அடிப்படை அமைப்புப் பகுதிக்குள் சென்று ‘செக்யூர் பூட்’ என்ற அமைப்பை அணைத்தார். அதன் பிறகு வந்தது நீலத்திரை; அதில் 48 இலக்கங்கள் கொண்ட ஒரு சாவியைக் கணினி கேட்கிறது. யாரோ ஊடுருவிக் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் பறிக்கப் பார்க்கிறார்கள் என்று அவர் அஞ்சுகிறார். இணையத்தில் தேடிக் கிடைத்த ஓர் உதவி எண்ணை அழைத்தபோது, 199 வெள்ளி கட்டும்படியும் கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கும்படியும் சொன்னார்களாம். அவர் அழைப்பைத் துண்டித்துவிட்டார். புளோக்கின் கீழ்த்தளத்தில் உள்ள பழுதுபார்ப்புக் கடையில் 40 வெள்ளி வாங்கிக்கொண்டு, மதர்போர்டு (கணினியின் முதன்மைப் பலகை) போய்விட்டது, மாற்ற 380 வெள்ளி, ‘ஃபார்மட்’ செய்ய மேலும் 120 வெள்ளி என்றார்கள். அண்ணன் மகனோ ஃபார்மட் செய்வதைத் தானே இலவசமாகச் செய்து தருவதாகச் சொல்கிறார். கணினி இப்போது வீட்டில்தான் இருக்கிறது. என்ன செய்வது, யாரிடம் இழப்பீடு கேட்பது, இனிமேல் புதுப்பிப்புகளையே நிறுத்திவிடலாமா என்று கேட்கிறார்.

அம்மா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவரின் குரல் பெரும்பாலும் இன்னும் அந்தக் கணினிக்குள் பத்திரமாகவே இருக்கிறது. நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளில் எதுவும் வட்டு அழிந்ததைக் காட்டவில்லை. கணினி திறக்காமல் போவதும் அதிலுள்ள கோப்புகள் அழிவதும் வெவ்வேறு நிகழ்வுகள். விண்டோஸ் என்னும் இயங்குதளம் எழுந்து நிற்க முடியாமல் தடுமாறுகிறது. உங்கள் கோப்புகள் அதே வட்டில் வேறு இடத்தில் எழுதியபடியே கிடக்கின்றன. அவற்றை உண்மையில் அழிக்கக்கூடிய செயல் இதுவரை நடக்கவில்லை. அந்தச் செயலைத்தான் இரண்டு பேர், ஒருவர் 120 வெள்ளிக்கும் மற்றவர் அன்பினாலும், உங்களுக்குச் செய்து தர முன்வந்திருக்கிறார்கள். சாவி கிடைத்துக் கோப்புகளைப் படி எடுக்கும் வரை யாரையும் ஃபார்மட் செய்ய விடாதீர்கள். இந்தக் கடிதத்தில் வேறெதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இது நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நடந்தது என்னவென்றால்

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, அமெரிக்க நேரப்படி, பாதுகாப்புப் புதுப்பிப்புகளை வெளியிடுகிறது. நமக்கு அப்போது புதன்கிழமை அதிகாலையாக இருக்கும். உங்கள் கணினி புதன்கிழமை காலையில் தானாக வேலையைத் தொடங்கியது அதனால்தான். அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. புதுப்பிப்பு பாதியில் நிற்பதுபோல் தோன்றினாலும் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கலாம். திரையில் உள்ள எண் நேரத்தைக் காட்டுவதில்லை, படிகளைக் காட்டுகிறது. ஒரு படி ஒரு நிமிடத்தில் முடியும், அடுத்தது ஒரு மணி நேரம் எடுக்கும். பெட்டியின் முன்பக்கத்தில் வட்டு விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் இரண்டு மூன்று மணி நேரம்கூடப் பொறுத்திருப்பது நல்லது. மின்சாரத்தை அணைத்ததால் பழைய கோப்புகளும் புதிய கோப்புகளும் பாதிப்பாதியாகக் கலந்த நிலையில் இயங்குதளம் நின்றுவிட்டது. அதற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். நாற்பது நிமிடம் அசையாத திரையை வைத்துக்கொண்டு, வாசலில் பிள்ளைகள் காலணி கழற்றும் ஓசையைக் கேட்கும் எவரும் அதைத்தான் செய்திருப்பார்கள். விண்டோஸும் இத்தகைய தடங்கலை எதிர்பார்த்தே அமைக்கப்பட்டிருக்கிறது. சில முறை தொடங்க முடியாமல் போனால் அது தானாகவே மீட்புச் சூழல் எனப்படும் ஒரு தனிப் பகுதிக்குள் செல்லும். நீங்கள் கண்ட ‘பழுதுபார்க்கிறது’ என்ற அறிவிப்பு அந்த முயற்சிதான்.

நீலத்திரை வந்தது வேறு காரணத்தால். விண்டோஸ் 11 உள்ள பெரும்பாலான புதிய கணினிகளில் வட்டு முழுவதும் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும், அதாவது சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டிருக்கும். இதை ‘பிட்லாக்கர்’ என்றும் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்றும் சொல்வார்கள். மகன் கணினியை அமைத்தபோது, அவர் தனியாக எதையும் தேர்ந்தெடுக்காமலேயே இது இயங்கத் தொடங்கியிருக்கலாம். மறையாக்கத்தின் சாவி மதர்போர்டில் உள்ள டிபிஎம் என்னும் சில்லின் காவலில் இருக்கிறது. கணினி நேற்று எழுந்ததுபோலவே இன்றும் எழுந்தால் சில்லு சாவியைக் கொடுத்துவிடும்; உங்களுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. எழும் விதம் மாறினால், யாரோ கணினியைத் திருடி வேறு வழியில் திறக்கப் பார்க்கிறார்கள் என்று கருதிச் சாவியைத் தர மறுத்து, உரிமையாளரே வந்து 48 இலக்கங்களைத் தட்டட்டும் என்று நிற்கும். ‘செக்யூர் பூட்’ என்பது அந்த எழும் விதத்தின் முக்கியமான பகுதி. உங்கள் அண்ணன் மகன் நல்லெண்ணத்தோடு அதை அணைத்தார். சில்லு அதை அந்நியன் கை பட்டதாக எடுத்துக்கொண்டது. ஆகவே, அந்தத் திரை கொள்ளையரின் மிரட்டல் இல்லை. உங்கள் கணினியே போட்ட பூட்டு. கொள்ளையர் பூட்டியிருந்தால் பணம் எவ்வளவு, எங்கே அனுப்ப வேண்டும் என்று திரையில் எழுதியிருப்பார்கள். உங்கள் திரையில் இருப்பதோ சாவியின் அடையாளக் குறியீடும், மைக்ரோசாஃப்ட் தளத்தில் சாவியைத் தேடச் சொல்லும் குறிப்பும் மட்டுமே.

இங்கே ஒரு வாய்ப்பு இருக்கிறது. அண்ணன் மகனை மறுபடி அழைத்து, அவர் அணைத்த அந்த ஒரே அமைப்பை மீண்டும் போடச் சொல்லுங்கள். வேறு எதையும் அவர் மாற்றியிருந்தால் அதையும் நினைவுபடுத்திப் பழையபடி வைக்க வேண்டும். எழும் விதம் முன்போல் ஆனால், சில்லு சாவியைத் தானாகவே கொடுத்துவிட, நீலத்திரை மறைந்துவிடக்கூடும். அதே பயாஸ் பகுதியில் டிபிஎம் சில்லை வெறுமையாக்கும் கட்டளை ஒன்றும் இருக்கும். ‘கிளியர்’ என்ற சொல் அதில் வரும். அதைத் தொடவே கூடாது.

சாவி யாரிடம் இருக்கிறது

“எங்களுக்கு மைக்ரோசாஃப்ட் கணக்கே இல்லை, ஜிமெயில் மட்டும்தான்” என்று எழுதியிருக்கிறீர்கள். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஜிமெயில் முகவரியைக் கொண்டே மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறக்க முடியும். முகவரி கூகலுடையதாக இருந்தாலும் கணக்கு மைக்ரோசாஃப்டிடம் இருக்கும். விண்டோஸ் 11-ஐ முதன்முதலில் அமைக்கும்போது அது ஒரு கணக்கை வற்புறுத்திக் கேட்கும். அன்று விசைப்பலகையின் முன் அமர்ந்திருந்தவர் உங்கள் மகன். அவர் உங்கள் முகவரியைக் கொடுத்தாரா, தம்முடைய முகவரியைக் கொடுத்தாரா என்பதைப் பொறுத்தே சாவி இருக்குமிடம் அமையும். மறையாக்கம் தானாகத் தொடங்கும்போது, சாவியின் நகல் ஒன்று அந்தக் கணக்கில் சேமிக்கப்படுகிறது. என் அனுபவத்தில், “சாவி எங்கேயும் இல்லை” என்று வந்தவர்கள் பலருக்கும் அது கணினியை அமைத்துக் கொடுத்த மகன், மருமகள், மைத்துனர் ஆகியோரில் ஒருவருடைய கணக்கில்தான் கிடைத்திருக்கிறது.

செய்ய வேண்டியது இதுதான். நீலத்திரையில் சாவியின் அடையாளக் குறியீடு ஒன்று இருக்கும். அதன் முதல் எட்டு எழுத்துகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்; கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டாலும் சரி. மகனை அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையச் சொல்லுங்கள். ‘டிவைசஸ்’ பகுதியில் உங்கள் கணினியின் பெயர் இருக்கும். அதனுள் பிட்லாக்கர் மீட்புச் சாவியைக் காட்டும் இணைப்பு இருக்கும். அங்கு ஒன்றுக்கு மேற்பட்ட சாவிகள் தெரிந்தால் எந்தச் சாவியின் குறியீடு உங்கள் எட்டு எழுத்துகளோடு பொருந்துகிறதோ அதுவே உங்களுடையது. சாவி, ஆறு ஆறு இலக்கங்களாக எட்டுத் தொகுதிகளில் இருக்கும். ஒவ்வொரு தொகுதியும் பதினொன்றால் மீதியின்றி வகுபடும்படி அமைந்தது என்பதால், ஓரிலக்கம் தவறினாலும் கணினி கண்டுபிடித்துவிடும். தவறாகத் தட்டிவிட்டால் எல்லாம் அழிந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். மகனின் கணக்கில் இல்லையென்றால் உங்கள் ஜிமெயில் முகவரியைக் கொண்டு மைக்ரோசாஃப்ட் தளத்தில் நுழைந்து பாருங்கள். கடவுச்சொல் நினைவில்லை என்றால் அதே ஜிமெயிலுக்கு வரும் எண்ணைக் கொண்டு புதுப்பித்துக்கொள்ளலாம். பணியில் இருந்த காலத்துப் பள்ளிக் கணக்கை எப்போதாவது இந்தக் கணினியில் சேர்த்திருந்தால் அதையும் மறந்துவிடாதீர்கள். கணினி வந்த அட்டைப்பெட்டியையும் ரசீதுக் கோப்பையும் ஒரு முறை புரட்டுங்கள். சிலர் சாவியை அச்சிட்டு வைத்திருப்பார்கள்.

மகன் கணக்கில் நுழையும்போது அங்குள்ள ஒன்டிரைவ் என்னும் இணையச் சேமிப்பையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். விண்டோஸ் 11 பல வேளைகளில் ‘டெஸ்க்டாப்’, ‘டாக்குமென்ட்ஸ்’, ‘பிக்சர்ஸ்’ ஆகிய கோப்புறைகளை அங்கே தானாகவே ஏற்றிவிடுகிறது. இலவச இடம் 5 ஜிபி மட்டுமே என்றாலும், பயிற்சித்தாள்களுக்கு அது தாராளம். உங்கள் பதினொரு பிள்ளைகளின் தாள்கள் அங்கே உங்களுக்காகக் காத்திருந்தால் நான் வியப்படைய மாட்டேன்.

எங்குத் தேடியும் சாவி கிடைக்காமல், ‘செக்யூர் பூட்’டைத் திரும்பப் போட்டும் பூட்டு திறக்காவிட்டால் என்ன செய்வது? மறைக்காமல் சொல்கிறேன்: சாவியில்லாமல் அந்த வட்டை எந்தக் கடையாலும் திறக்க முடியாது. வட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்தினாலும் அதே சாவியைத்தான் கேட்கும். கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் பத்துக் கடை ஏறி இறங்கினாலும் இது மாறாது. திறந்து தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். அப்படிப்பட்ட நிலை வந்தால், அந்த வட்டை மட்டும் கழற்றி உறையிலிட்டு அலமாரியில் வைத்துவிட்டு, கணினியில் புதிய வட்டு ஒன்றைப் பொருத்திக்கொள்ளுங்கள். 500 ஜிபி எஸ்எஸ்டி (சுழலாத புதிய வகை வட்டு) ஒன்றின் செலவு, கடைக்காரர் சொன்ன தொகையைவிடக் குறைவாகவே இருக்கும். சாவி என்றைக்காவது ஒரு பழைய மின்னஞ்சலிலிருந்து கிடைத்தால் வட்டு உங்களிடம் இருக்க வேண்டும். அதற்காகத்தான் அழிக்க வேண்டாம் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன். பழைய சுழல் வட்டுகளில் ஃபார்மட் செய்த பிறகும் சிலவற்றை மீட்டெடுத்திருக்கிறோம். இன்றைய எஸ்எஸ்டி வட்டுகளிலோ அழித்த இடத்தை வட்டே தூய்மைப்படுத்திவிடுகிறது. மறையாக்கமும் சேர்ந்தால் மிச்சம் எதுவும் இருக்காது. சில ஆண்டுகளுக்கு முன், வெளிநாட்டில் இருந்த தங்கையின் கணக்கில் சாவி இருந்ததை, வட்டை அழித்த மறுநாள் கண்டுபிடித்த ஒரு குடும்பத்தை நான் நேரில் பார்த்தேன். உங்களுக்கு அது நடக்கக்கூடாது.

கோப்புகளை எடுத்த பிறகே பழுதுபார்ப்பு

சாவியைத் தட்டியதும் விண்டோஸ் ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்துவிடலாம். எழுந்தால் வேறு எதையும் தொடாமல் முதலில் ஒலிப்பதிவுகளையும், அடுத்துப் பயிற்சித்தாள்களையும் ஒரு தம்ப் டிரைவில் படி எடுத்துவிடுங்கள். பாடல் பதிவுகளுக்கும் தாள்களுக்கும் 64 ஜிபி போதும்.

எழாமல் மீண்டும் பழுதுபார்ப்புத் திரைக்கே போனாலும் கோப்புகளை எடுக்க வழி உண்டு. அங்கே ‘டிரபிள்ஷூட்’, அதனுள் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’, அதனுள் ‘கமாண்ட் பிராம்ப்ட்’ என்று செல்லுங்கள்; சாவியை மறுபடி கேட்டால் கொடுங்கள். கறுப்புத் திரையில் ‘நோட்பேட்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் அந்தச் சிறிய எழுதுகருவி திறக்கும். அதில் கோப்பைத் திறக்கும் சாளரத்தை வரவழைத்து, எல்லா வகைக் கோப்புகளையும் காட்டும்படி மாற்றினால், அந்தச் சாளரமே கோப்புறைகளைப் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். ‘யூசர்ஸ்’ கோப்புறைக்குள் உங்கள் பெயருள்ள கோப்புறையைத் தேடுங்கள். இந்தச் சூழலில் வட்டின் எழுத்து மாறியிருக்கலாம். வழக்கமாக ‘சி’ என்று இருப்பது ‘டி’ ஆகியிருந்தால் திகைக்க வேண்டாம். வேண்டிய கோப்புறையைப் படி எடுத்துத் தம்ப் டிரைவில் ஒட்டுங்கள். எவ்வளவு முடிந்தது என்று காட்டும் கோடு தெரியாது. சாளரம் உறைந்ததுபோல் நிற்கும். இந்த முறை பொறுத்திருங்கள். விசைப்பலகையும் சுட்டியும் அந்தத் திரையில் வேலை செய்யாவிட்டால் அவை பழுது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2025 அக்டோபர் 14 அன்று வந்த புதுப்பிப்பு ஒன்று, மீட்புச் சூழலில் யூஎஸ்பி விசைப்பலகைகளையே செயலிழக்க வைத்தது. ஆறு நாள்களில் திருத்தம் வெளியிட்டார்கள். அத்தகைய நிலையில், நண்பர் ஒருவரின் கணினியில் 8 ஜிபி தம்ப் டிரைவ் ஒன்றை விண்டோஸ் நிறுவும் வட்டாக மாற்றி, அதிலிருந்து கணினியை எழுப்பி, பழுதுபார்ப்பு வழியைத் தேர்ந்தெடுக்கலாம். இதற்கு அண்ணன் மகன் உதவுவார். அவருடைய ஆர்வத்துக்கு ஏற்ற வேலையும் இதுதான்.

கோப்புகள் கைக்கு வந்த பிறகு கணினியைச் சரிசெய்வது அவ்வளவு பதற்றமான வேலை இல்லை. அதே ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ பகுதியில் ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, கடைசியாக வந்த ‘குவாலிட்டி அப்டேட்’டை நீக்குங்கள். மாதாந்தரப் புதுப்பிப்பு அந்த வகையைச் சேர்ந்தது. அது பலிக்காவிட்டால் ‘சிஸ்டம் ரெஸ்டோர்’ மூலம் முந்தைய நாளின் நிலைக்குத் திரும்பிப் பார்க்கலாம். அதுவும் முடியாவிட்டால் மட்டுமே ‘ரீசெட் திஸ் பிசி’. அதில் ‘கீப் மை ஃபைல்ஸ்’, ‘ரிமூவ் எவ்ரிதிங்’ என்ற இரண்டு வழிகள் வரும். முதலாவது உங்கள் கோப்புகளை வைத்துக்கொண்டு நிறுவிய மென்பொருள்களை நீக்கும். தமிழ்த் தட்டச்சு மென்பொருளை மறுபடி நிறுவ வேண்டியிருக்கும். இரண்டாவது எல்லாவற்றையும் துடைத்துவிடும். காணொளிகளில் வரும் நீண்ட கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிப் பார்ப்பதை நான் ஏற்க மாட்டேன். அவற்றில் பல, வேறு வகைக் கணினிகளுக்கு எழுதப்பட்டவை. உங்களுக்கு நேர்ந்த நீலத்திரையே அப்படிப்பட்ட ஒரு காணொளியின் விளைவுதான்.

கடைக்காரரும் உங்கள் உரிமையும்

மதர்போர்டு முழுவதும் செயலிழந்த கணினியில் திரை எரியாது, பயாஸ் பகுதி திறக்காது, சாவி கேட்கும் அறிவிப்பும் வராது. உங்கள் கணினியில் இவை மூன்றும் நடக்கின்றன. ஆகவே அந்தக் கணிப்பு சரியாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதைவிட முக்கியமான ஆபத்து ஒன்று இருக்கிறது: மதர்போர்டை மாற்றினால் டிபிஎம் சில்லும் அதோடு போய்விடும். அதன் பிறகு ‘செக்யூர் பூட்’டைத் திருப்பிப் போட்டுப் பூட்டைத் திறக்கும் வாய்ப்பே இருக்காது, 48 இலக்கச் சாவி ஒன்றே வழி. எனவே 380 வெள்ளி கொடுத்துக் கதவை இன்னும் இறுக்கிப் பூட்டிக்கொள்வதாக அது முடியும்.

உங்கள் கணினிக்குத் தயாரிப்பாளரின் ஓராண்டு உத்தரவாதம் இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. மதர்போர்டு உண்மையிலேயே பழுதென்றால் அதை இலவசமாக மாற்றித் தர வேண்டியவர் அவர். கீழ்த்தளக் கடைக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. உத்தரவாதச் சேவைக்குக் கொடுக்கும்போது கோப்புகளுக்குப் பொறுப்பில்லை என்று கையெழுத்து வாங்குவது வழக்கம். ஆகவே அங்கேயும் கோப்புகளை எடுத்த பிறகே கொடுங்கள்.

குறையுள்ள பொருளுக்கு விற்றவரைப் பொறுப்பாக்கும் ‘லெமன்’ சட்டத்தின்கீழ் இழப்பீடு கேட்கலாமா என்ற கேள்விக்கு, நீங்கள் எதிர்பார்க்கும் பதிலை என்னால் தர முடியவில்லை. 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள அந்த விதிகள், பொருளை ஒப்படைத்த ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, ஒப்படைத்தபோதே இருந்ததாகக் கருதுகின்றன. ஆறு மாதம் கடந்துவிட்டால் அதை நிரூபிக்கும் பொறுப்பு வாங்கியவருடையது. உங்களுடையது ஒன்பது மாதம். அதோடு, விற்றபோது நன்றாக ஓடிய கணினி புதுப்பிப்பின் நடுவே மின்சாரம் நின்றதால் முடங்கியதை, விற்பனையில் இருந்த குறை என்று வாதிடுவது கடினம். அதில் உங்கள் நேரத்தைச் செலவிடுவது பயன் தராது என்பது என் கருத்து.

பழுதுபார்ப்புக் கடையின் செயல் வேறு வகையைச் சேர்ந்தது. தேவையில்லாத உதிரிபாகத்தைத் தேவையென்று சொல்வது, பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டத்தில் நியாயமற்ற செயல்களின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. ஆயினும் தவறாகக் கணிப்பதும் பொய் சொல்வதும் ஒன்றல்ல. நீலத்திரையைப் பார்த்ததும் பெரிய பழுதென்று நினைக்கும் கடைக்காரர்கள் உண்டு. எந்தச் சோதனையின் அடிப்படையில் மதர்போர்டு பழுதென்று முடிவு செய்தார் என்பதை எழுதித் தரும்படி கேளுங்கள். 40 வெள்ளிக்கான ரசீதையும் வைத்திருங்கள். மனநிறைவான பதில் வராவிட்டால், ‘கேஸ்’ என்று நாம் அழைக்கும் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை வழக்கறிஞர் இல்லாமலே விசாரிக்கிறது. 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டும் பதிவுக் கட்டணம் 10 வெள்ளி. நாற்பது வெள்ளிக்காக அங்கே போகச் சொல்ல மாட்டேன்; உங்கள் சம்மதமின்றி யாராவது வட்டை அழித்திருந்தால் போகத்தான் சொல்லியிருப்பேன்.

199 வெள்ளி கேட்ட தொலைபேசிக்காரர்கள் மோசடிக்காரர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. திறக்காத கணினியைச் சரிசெய்யக் கைப்பேசியில் செயலி எதற்கு? அந்தச் செயலி உங்கள் வங்கிக் கணக்கைப் பார்ப்பதற்கு. நீங்கள் துண்டித்தது மிகச் சரியான முடிவு. அதே எண்ணிலிருந்து மறுபடி அழைத்தால் எடுக்க வேண்டாம். ஐயம் எழுந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணைக் கேளுங்கள்.

புதுப்பிப்பை நிறுத்திவிடலாமா

உங்கள் பழைய விண்டோஸ் 7 கணினி புதுப்பிப்பே இல்லாமல் பல ஆண்டுகள் ஓடியது என்று எழுதியிருக்கிறீர்கள். ஓடியது உண்மைதான். 2017 மே மாதம் உலகெங்கும் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னகிரை தாக்குதலில் பெரும்பான்மையாகச் சிக்கியவை விண்டோஸ் 7 கணினிகளே. அந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே, வெளிவந்திருந்தது. நிறுவாதவர்களே மாட்டிக்கொண்டார்கள். மறுபக்கம், புதுப்பிப்பே தீங்கு செய்த நாளும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பழுதான புதுப்பிப்பால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் எழ மறுத்தன. சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையாலேயே பதிவு செய்ய நேர்ந்தது. அன்றும் கணினிகளில் இருந்த கோப்புகள் அழியவில்லை. ஒரு கோப்பை நீக்கினால் கணினி எழுந்துவிடும் என்ற நிலையிலும், பிட்லாக்கர் சாவியைத் தேடி வைத்திருக்காத அலுவலகங்கள் நாள்கணக்கில் திண்டாடின.

ஆகவே முழுவதுமாக நிறுத்த வேண்டாம். நேரத்தை உங்கள் கைக்குள் கொண்டுவாருங்கள். விண்டோஸ் 11-இல் புதுப்பிப்பை ஐந்து வாரம் வரை ஒத்திவைக்கலாம். ஆகஸ்டில் பிஎஸ்எல்இ எனப்படும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் வாய்மொழித் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் வாரங்களில் ஒத்திவைத்துவிட்டு, பாடமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், ஒலிப்பதிவுகளையும் தாள்களையும் வெளி வட்டில் படி எடுத்த பிறகு, நிறுவிக்கொள்ளுங்கள். அந்த வெளி வட்டை எப்போதும் கணினியில் செருகியே வைத்திருக்காதீர்கள். கணவரின் பாடல்களுக்கு இன்னொரு படி எடுத்து மகனிடம் பெர்த்தில் இருக்கட்டும். பிள்ளைகளின் மதிப்பெண்களும் பெற்றோரின் எண்களும் உங்கள் பொறுப்பில் உள்ள தனிப்பட்ட தகவல்கள் என்பதால், கணினியை வேறு யாரிடம் கொடுத்தாலும் அவற்றைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மறையாக்கத்தையும் அணைத்துவிடாதீர்கள், கணினி திருட்டுப் போனால் அந்தத் தகவல்களைக் காப்பது அதுதான். சாவியைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்துவிட்டால் போதும்.

பெர்த்துக்கும் நமக்கும் நேர வேறுபாடு இல்லை. இன்றிரவு மகன் வேலையிலிருந்து திரும்பும் நேரத்தில் அழையுங்கள். நீலத்திரையில் உள்ள அந்த எட்டு எழுத்துகளைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு, கணினி வாங்கிய அன்று எந்த முகவரியைக் கொடுத்தார் என்று முதலில் கேளுங்கள். சாவி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் எனக்கு மறுபடி எழுதுங்கள். அடுத்த படியைச் சேர்ந்தே பார்ப்போம்.